சர்க்கார் பணமும் ஊரார் பள்ளியும்

ஒரு பள்ளிக்கூடத்துக்குப் பணம் கொடுப்பவர் ஒருவர். அதை நடத்துபவர் மற்றொருவர். அதில் படிக்கும் பிள்ளையோ இருவருக்கும் சம்பந்தமில்லாத மூன்றாவது வீட்டுப் பிள்ளை. இவ்விதமான ஏற்பாட்டில் பிள்ளையின் படிப்புக்கு யார் ஜவாப்தாரி? இதுவே நாம் இன்று நேயர்களின் கவனத்துக்குக் கொண்டுவர விரும்பும் விஷயம். உபாத்தியாயர்களின் சம்பளத்தைச் சர்க்கார் கொடுக்க, நிர்வாகத்தைத் தனியார் கமிட்டியோ மிஷனோ நடத்திவரும் உதவிபெறும் பள்ளிகள் தமிழ்நாட்டில் 8,000-க்கு மேல் உள்ளன. சர்க்கார் பள்ளியைப் பற்றிப் பேசாத மேடை இல்லை. கட்டணம் வாங்கும் ஆங்கிலப் பள்ளியைப் பற்றிப் பேசாத வீடு இல்லை. இவ்விரண்டுக்கும் நடுவில் நின்று லட்சக்கணக்கான ஏழைப் பிள்ளைகளுக்கு எழுத்தறிவிக்கும் மூன்றாவது வகைப் பள்ளியைப் பற்றிப் பேசுவோர்தாம் இல்லை. இந்த மௌனம் நல்லதன்று.

தோல் வர்த்தகம் தந்த கல்வி

இவ்விஷயத்தை ஆராய்வதற்கு வாணியம்பாடியைப் போன்ற பொருத்தமான ஊர் கிடைப்பது அரிது. 2019-ல் வேலூர் ஜில்லாவிலிருந்து பிரிந்து உண்டான திருப்பத்தூர் ஜில்லாவில், பாலாற்றங்கரையில், சென்னையிலிருந்து பெங்களூர் செல்லும் பாதையில் இருப்பது இவ்வூர். ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை ஆகிய ஊர்களைப் போலவே தோல் பதனிடும் தொழிலால் பெயர் பெற்றது. அத்தொழிலில் பொருள் ஈட்டிய வர்த்தகர்கள் லாபம் முழுவதையும் மாடிவீட்டிலும் நகையிலும் முடக்கிவிடவில்லை. வாணியம்பாடி முஸ்லிம் கல்விச் சங்கத்தார் நடத்தும் இஸ்லாமியாக் கலாசாலை 1919-ம் ஆண்டில் ஏற்பட்டது. ஜில்லாவின் தலைநகரமாகக்கூட இல்லாத ஒரு ஊரில், உயர்தரப் பள்ளியோடு நில்லாமல் கலாசாலையும் வேண்டும் என்று அன்று எண்ணினார்களே, அந்த நெஞ்சுறுதியை நாம் எவ்வளவு போற்றினாலும் தகும். ஆம்பூரில் மஜ்ஹருல் உலூம் என்னும் பெயரால் பள்ளியும் பிறகு கலாசாலையும் எழுந்தன. மேல்விஷாரத்தில் தோல் வர்த்தகர் நவாப் சி. அப்துல் ஹக்கீம் சாகிபின் பெயரைத் தாங்கிய கலாசாலை 1965-ல் தோன்றியது. லுத்தரன் மிஷனாரும் இப்பகுதியில் பள்ளிகளை நிறுவி நடத்தினார்கள்.

இவற்றின் பயன் ஒரு சமூகத்தாரோடு நின்றுவிடவில்லை. வீட்டிலும் கடைத்தெருவிலும் உருது ஒலிக்கும் வாணியம்பாடியில், அந்த இஸ்லாமியாக் கலாசாலையின் தமிழ்ப் பகுதியில்தான் கவிக்கோ அப்துல் ரகுமான் நெடுங்காலம் பேராசிரியராக இருந்து மாணாக்கர்களைத் தமிழில் தேர்ச்சி பெறச் செய்தார். ஊரார் தாமே முன்வந்து நடத்தும் ஸ்தாபனம், சர்க்கார் உத்தரவு எட்டாத இடத்துக்கும் எட்டும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுவதில்லை.

ஆனால், பாட்டனார் கட்டிய சத்திரத்தைப் பேரன் எப்படி நடத்துகிறான் என்பது வேறு கேள்வி. நாட்டில் பொதுவாக, உதவிபெறும் பள்ளியின் கமிட்டியில் இருப்போர் தங்கள் சொந்தப் பிள்ளைகளை அப்பள்ளிக்கு அனுப்புவது இன்று அரிதாகிவிட்டது. அங்கே படிப்பவர்கள் தோல் ஷாப்பில் சுண்ணாம்புக் குழியருகே நிற்பவரின் மகனும், பொழுது விடியுமுன் பஸ் ஏறி ஆம்பூர்ப் பக்கத்துச் செருப்புத் தொழிற்சாலைக்குச் செல்லும் தாயின் மகளுமே. அவர்களுக்கு டியூஷன் வைக்க வீட்டில் பணமில்லை. பாடம் சொல்லிக்கொடுக்க வீட்டில் ஆளுமில்லை. பள்ளிக்கூடம் கைவிட்டால் அப்பிள்ளைகளுக்கு வேறு கதி இல்லை. பெற்றோர் எந்தக் குழியருகே நின்றார்களோ அதே குழிக்குப் பிள்ளைகளும் போய்ச் சேர்வார்கள். ஆகையால் இது கமிட்டியின் உள்விவகாரம் அன்று, தேசத்தின் விவகாரம்.

சாசனம் என்பதன் பொருள்

பொதுப் பணம், தனி நிர்வாகம் என்ற இந்த ஏற்பாட்டுக்கு அமெரிக்காவில் இப்பொழுது சாசனப் பள்ளி என்று பெயரிட்டிருக்கிறார்கள். 1991-ல் மினஸோட்டா ராஜ்யத்தில் இதற்கான சட்டம் பிறந்தது. 1992-ல் செயின்ட் பால் நகரில் முதற்பள்ளி திறக்கப்பட்டது. இன்று அந்நாட்டு ராஜ்யங்களுள் நாற்பதுக்கு மேற்பட்டவற்றில் இச்சட்டம் உண்டு. பள்ளிகள் ஏறக்குறைய 8,000. படிக்கும் பிள்ளைகள் 35 லட்சத்துக்கு மேல். ஏற்பாடு இதுதான்: சர்க்கார் பணம் கொடுக்கும், பாடமுறை, உபாத்தியாயர் நியமனம், வேலைநேரம் முதலியவற்றில் தலையிடாது, அதற்குப் பதிலாக, குறித்த சில ஆண்டுகளுக்குள் பிள்ளைகள் இன்ன அளவு கற்றிருக்கவேண்டும் என்று பள்ளியார் எழுதிக் கொடுக்கவேண்டும். தவறினால் சாசனம் ரத்து. இடத்துக்கு மேல் விண்ணப்பங்கள் வந்தால் பிள்ளைகளைப் பொறுக்கி எடுக்கக்கூடாது. சீட்டுக் குலுக்கித்தான் சேர்க்கவேண்டும்.

நமக்கு இது முற்றும் புதிய சங்கதி அன்று. பாகூரிலிருந்த வித்தியாஸ்தானத்துக்கு மூன்று கிராமங்களைப் பல்லவ அரசன் நிருபதுங்கன் தானம் செய்த செப்பேடு ஒன்பதாம் நூற்றாண்டினது. முதலாம் ராஜேந்திர சோழன் காலத்து எண்ணாயிரம் கல்வெட்டோ இன்னும் விரிவானது. 270 இளமாணாக்கரும் 70 முதுமாணாக்கரும் இருக்கவேண்டும், இன்ன பாடத்துக்கு இத்தனை பேர், மாணாக்கருக்கு நாள் ஒன்றுக்கு இவ்வளவு நெல், ஆசிரியருக்கு இவ்வளவு என்றெல்லாம் கல்லில் வெட்டிவைத்தார்கள். பணம் கொடுப்பவன் எதற்காகக் கொடுக்கிறான் என்பதைச் சந்தேகத்துக்கு இடமின்றிச் சொல்வதே சாசனம்.

ஆங்கில ஆட்சியிலும் 1854-ம் வருஷத்து வுட் துரையின் கல்விச் சாசனம், ஊரார் நடத்தும் பள்ளிகளுக்குச் சர்க்கார் மானியம் அளிக்கும் முறைக்கு அஸ்திவாரமிட்டது. நல்ல லௌகிகக் கல்வி, பொறுப்புள்ள நிர்வாகம், சர்க்கார் தணிக்கைக்கு உட்படுதல் ஆகியவை அதன் நிபந்தனைகள். இன்று நாம் காணும் உதவிபெறும் பள்ளிகள் அந்த வேரிலிருந்து கிளைத்தவையே. இதில் ஒரு வேடிக்கை உண்டு. அமெரிக்கர்கள் சாசனப் பள்ளிக்குக் கதவு திறந்தது 1991-ம் ஆண்டு. 1991-92 கல்வியாண்டு முதல் தொடங்கும் தனியார் பள்ளிகளுக்கு மானியம் கிடையாது என்பது தமிழ்நாட்டுச் சர்க்காரின் கொள்கை. பின்னர் அது சட்டத்திலும் ஏறிற்று. அவர்கள் திறந்த அதே காலத்தில் நாம் அடைத்தோம். புதிய பள்ளிகளுக்குத்தான் அடைத்தோமேயன்றிப் பழையவற்றுக்கு மானியம் தொடர்கிறது. ஆனால் அம்மானியத்துக்கு ஈடாக அப்பள்ளிகள் என்ன தரவேண்டும் என்பதை மட்டும் ஒருவரும் உரக்கக் கேட்கவில்லை.

சுதந்திரம் மட்டும் போதாது

தனியாரிடம் விட்டுவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைப்போர் ஒரு விஷயத்தைக் கவனிக்கவேண்டும். ஸ்டான்போர்டு சர்வகலாசாலையைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள் 2009-ல் அமெரிக்கச் சாசனப் பள்ளிகளைப் பக்கத்துச் சர்க்கார் பள்ளிகளோடு ஒப்பிட்டுக் கணிதத் தேர்ச்சியை ஆராய்ந்தார்கள். நூற்றுக்கு 17 சாசனப் பள்ளிகள் மேலாயிருந்தன, 37 தாழ்ந்திருந்தன, மற்ற 46-ல் குறிப்பிடத்தக்க வித்தியாசம் ஒன்றுமில்லை. பின்னால் நிலைமை சீர்பட்டதாக அவர்களே எழுதியிருந்தாலும், பாடம் ஒன்றே. நிர்வாகம் யார் கையில் இருக்கிறது என்பது கல்வியை நிர்ணயிப்பதில்லை; அந்தக் கை தினந்தோறும் என்ன செய்கிறது என்பதே நிர்ணயிக்கிறது.

அப்படியானால் அந்த 17 பள்ளிகளைப் போன்றவை வேறாக என்ன செய்கின்றன? நியூயார்க் நகரத்தில் முப்பதுக்கு மேற்பட்ட சாசனப் பள்ளிகளின் உள்நடவடிக்கைகளை வில் டாபி, ரோலண்ட் பிரையர் என்ற இரு பொருளாதார நிபுணர்கள் துருவிப் பார்த்தனர். வகுப்பில் பிள்ளைகளின் தொகை குறைவா, தலைக்கு எவ்வளவு செலவு, உபாத்தியாயர்களில் எத்தனை பேருக்குச் சான்றிதழ், எத்தனை பேருக்கு மேற்பட்டம் என்று நாம் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கும் பள்ளியின் பலனுக்கும் சம்பந்தம் காணவில்லை. ஐந்து வழக்கங்கள்தாம் நல்ல பள்ளியையும் சாதாரணப் பள்ளியையும் பிரித்தன. பள்ளிக்குப் பள்ளி காணப்பட்ட ஏற்றத்தாழ்வில் ஏறக்குறையப் பாதியை இவ்வைந்தே விளக்கின. அவற்றை நமது ஊர் நிலைமைக்குப் பொருத்திப் பார்ப்போம்.

ஐந்து வழக்கங்கள்

முதலாவது, உபாத்தியாயரின் வகுப்பில் அடிக்கடி சென்று அமர்ந்து, பாடம் நடத்துவதைக் கவனித்து, குறை நிறைகளை அன்றே எடுத்துச் சொல்வது. நமது பள்ளிகளில் தலைமை உபாத்தியாயர் வகுப்புக்குள் போவதற்கு நேரம் ஏது? அவர் மானிய பில் எழுதுகிறார். புள்ளி விவரம் அனுப்புகிறார். காரியதரிசியின் வாசலில் காத்திருக்கிறார். கட்டடத்துக்குச் சுண்ணாம்பு அடிப்பதை மேற்பார்க்கிறார். மேலதிகாரி ஆண்டுக்கு ஒரு நாள் வருவார். அன்று வகுப்பில் அற்புதமான பாடம் நடக்கும். மறுநாள் பழைய கதை. கமிட்டியார் செய்யக்கூடிய முதல் உபகாரம், குமாஸ்தா வேலையைத் தலைமை உபாத்தியாயரின் தலையிலிருந்து இறக்கி, நாளுக்கு இரண்டு வகுப்புகளிலாவது அவரை உட்காரவைப்பதே. இதற்குச் சர்க்காரின் அநுமதி வேண்டியதில்லை. பணமும் அதிகம் வேண்டியதில்லை.

இரண்டாவது, பிள்ளைக்கு என்ன தெரியும் என்பதை அடிக்கடி அளந்தறிந்து, அதன்படி பாடத்தை மாற்றிக்கொள்வது. இதைத் தோல் தொழில் தெரிந்தவர்களுக்கு விளக்கவேண்டியதே இல்லை. ஊறவைத்த தோலையும் சுண்ணாம்பிலிட்ட தோலையும் அனுபவமுள்ள மேஸ்திரி கையால் தடவிப் பார்த்துத்தான் அடுத்த குழிக்கு மாற்றுகிறார். வருஷக் கடைசியில் ஒரே தடவை பார்த்துக்கொள்ளலாம் என்று இருப்பாராயின் முதலாளி அவரை ஒரு நாள்கூட வைத்திருக்கமாட்டார். விலங்கின் தோலுக்கு நாம் காட்டும் ஜாக்கிரதையைப் பிள்ளைகளின் புத்திக்குக் காட்டுவதில்லை! ஐந்தாம் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு இரண்டாம் வகுப்புப் பாடம் படிக்கத் தெரியாது என்ற சங்கதி, பத்தாம் வகுப்புப் பரீட்சை நெருங்கும்போதுதான் வெளிவருகிறது. 2022-ல் சர்க்கார் கொண்டுவந்த எண்ணும் எழுத்தும் திட்டத்தில் சிறு வகுப்புப் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று தேர்ச்சிக்கேற்பப் பிரித்துப் போதிக்கும்படி ஏற்பாடு செய்தார்கள். பெயரும் அழகு, கொள்கையும் சரியானது. மொட்டு மலராவதை ரிஜிஸ்தரில் மட்டும் காட்டாமல் பிள்ளையின் வாயில் கேட்டறிவதே நிர்வாகத்தின் வேலை.

வாணியம்பாடி, ஆம்பூர் பகுதியில் இதற்குத் தனி முக்கியத்துவம் உண்டு. பல வீடுகளில் பேச்சு உருது; தெருவில் தமிழ்; தொழிற்சாலையின் காகிதங்களில் ஆங்கிலம். 2006-ம் ஆண்டுத் தமிழ் கற்றல் சட்டத்தின்படி தமிழ் கட்டாயப் பாடமாகி வந்துள்ளது. சட்டம் நல்லதே. ஆனால் வீட்டில் தமிழ் கேளாத குழந்தைக்கும் தமிழிலேயே தாலாட்டுக் கேட்ட குழந்தைக்கும் ஒரே அளவில் ஒரே நாளில் பாடம் நடத்தினால் முந்திய குழந்தை பின்தங்கும். பின்தங்கிய குழந்தையை நாம் மந்தம் என்போம். மந்தம் குழந்தையிடம் இல்லை. அளந்து பாராத நம்மிடம் இருக்கிறது.

மூன்றாவது, பின்தங்கிய பிள்ளைகளைச் சிறு சிறு கூட்டமாக அமர்த்தித் தனிக் கவனத்தோடு தினமும் சொல்லிக்கொடுப்பது. இதற்குத் தமிழ்நாட்டிலேயே கண்கூடான சாட்சி இருக்கிறது. கொரோனாக் காலத்தில் ஏறக்குறைய ஒன்றரை ஆண்டு பள்ளிகள் அடைபட்டுக் கிடந்தபோது பிள்ளைகள் கற்றதையும் மறந்தார்கள். 2021-ல் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் தொண்டர்கள் மாலை வேளையில் தெருத் திண்ணையிலும் கோயில் மண்டபத்திலும் பிள்ளைகளைக் கூட்டிப் பாடம் சொன்னார்கள். கிராமப்புறத்தில் ஏறக்குறைய 19,000 பிள்ளைகளைச் சோதித்த ஆராய்ச்சியாளர்கள், இழந்த கல்வியில் மூன்றில் இரண்டு பங்கு பள்ளி திறந்து ஆறு மாதத்துக்குள் மீண்டதையும், அந்த மீட்சியில் சுமார் கால் பங்கு இத்தொண்டர்களின் உழைப்பால் வந்ததையும் கண்டார்கள். அவர்களுள் பெரும்பாலோர் பக்கத்து வீட்டுப் பெண்கள். வாணியம்பாடியில் ஆண்டுதோறும் கலாசாலைகளிலிருந்து பட்டம் பெற்று வீட்டிலேயே இருந்துவிடும் பெண்கள் எத்தனை பேர்! பள்ளிக் கமிட்டி அவர்களை அழைத்து, சிறு சன்மானம் கொடுத்து, மாலையில் ஒரு மணி நேரம் ஆளுக்கு ஆறு பிள்ளைகளை ஒப்படைத்தால் ஒரே வருஷத்தில் பள்ளியின் முகம் மாறிவிடும்.

நான்காவது, கற்கும் நேரத்தை அதிகப்படுத்துவது. இதைப் பள்ளிக்கூடத்து மணியை நீட்டுவது என்று மட்டும் கொள்ளக்கூடாது. இருக்கும் நேரத்தை வீணாக்காமல் இருப்பதே முதற்படி. ஊர்வலத்துக்கும் வரவேற்புக்கும் பிள்ளைகளை வெயிலில் நிறுத்துவது, உபாத்தியாயர்களைக் கணக்கெடுப்புக்கு அனுப்புவது, வருகைப் பதிவில் முதற்பாடத்தைத் தின்பது இவையெல்லாம் பிள்ளையின் நேரத்தைத் திருடுவதாகும். நமது அரசியல் ஊழியர்களும் இக்குற்றத்தில் பங்குடையவர்களே என்பதை மரியாதையுடன் தெரிவித்துக்கொள்கிறோம்.

ஐந்தாவது, எல்லாப் பிள்ளைகளாலும் கற்கமுடியும் என்று நம்பி, அந்த நம்பிக்கைக்கேற்ப ஒழுங்கையும் உழைப்பையும் எதிர்பார்ப்பது. கேட்பதற்கு எளிது, கைக்கொள்வதற்கு இதுவே மிகக் கடினம். "தோல் ஷாப்புக்காரன் பிள்ளைதானே, கையெழுத்துப் போடத் தெரிந்தால் போதும்" என்று உபாத்தியாயர் ஒருவர் மனத்தில் நினைத்துவிட்டால், வாயால் சொல்லாவிட்டாலும் பிள்ளைக்கு அது தெரிந்துவிடுகிறது. பிள்ளைகள் நம் புத்திமதியைக் கேட்பதைவிட நம் முகத்தைப் படிப்பதில் கெட்டிக்காரர்கள்.

இவ்வைந்தும் சாசனப் பள்ளியின் தனி ரகசியம் அல்ல. பிரையர் என்ற அந்த நிபுணரே 2010-ம் ஆண்டு முதல் ஹூஸ்டன் நகரத்தில் மிகவும் பின்தங்கியிருந்த 20 சர்க்கார் பள்ளிகளில் இவற்றை நடத்திக் காட்டினார். தலைமை உபாத்தியாயர்களைப் பெரும்பாலும் மாற்றினார்; பள்ளி நேரத்தை நீட்டினார்; சில வகுப்புகளில் இரண்டு பிள்ளைகளுக்கு ஒருவராகக் கணிதம் போதிக்க ஆள் வைத்தார். கணிதத் தேர்ச்சி நன்கு உயர்ந்தது. வாசிப்பில் அவ்வளவு பலன் இல்லை என்பதையும் சொல்லவேண்டும். மந்திரக்கோல் ஒன்றுமில்லை, ஆனால் வழி இருக்கிறது.

பழைய தவறு ஒன்று

அளந்து பார்க்கவேண்டும் என்று நாம் சொல்வதைச் சிலர் தவறாகக் கொள்ளக்கூடும். தேறிய பிள்ளை ஒன்றுக்கு இவ்வளவு ரூபாய் என்று மானியம் கொடுக்கும் முறையை 1862-ல் இங்கிலாந்தில் ஏற்படுத்தினார்கள். அது சென்னை மாகாணத்துக்கும் வந்தது. பலன் என்ன? இன்ஸ்பெக்டர் கேட்கும் கேள்விகளுக்குப் பிள்ளைகள் கிளிப்பிள்ளைபோல் பதில் சொன்னார்கள். தேறமாட்டான் என்று தோன்றிய பிள்ளையால் பள்ளிக்கு வருமானமில்லை என்று உபாத்தியாயர் அவனைத் திரும்பியும் பார்க்கவில்லை. 1904-ல் கர்ஸன் பிரபுவின் காலத்துக் கல்வித் தீர்மானம் இம்முறையைக் கைவிடச் சொல்லிற்று. அதே நோய் இப்பொழுது வேறு உருவத்தில் திரும்பியிருக்கிறது. நூற்றுக்கு நூறு தேர்ச்சி என்று பலகை வைப்பதற்காக ஒன்பதாம் வகுப்பிலேயே பலவீனமான பிள்ளையின் கையில் மாற்றுச் சான்றிதழைக் கொடுத்து அனுப்புவது எத்தனை ஊர்களில் நடக்கிறது! இது தேர்ச்சி அன்று, களையெடுப்பு. அளவுகோல் பிள்ளைக்கு உதவ இருக்கவேண்டுமேயொழியப் பிள்ளையை விரட்ட இருக்கக்கூடாது. ஆறாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளைகளில் எத்தனை பேர் பத்தாம் வகுப்பு முடித்தார்கள் என்று கேட்டால் உண்மை வெளிவந்துவிடும்.

அமானிதப் பொருள்

இனி, நிர்வாகத்தாரிடம் ஒரு வார்த்தை. சிறுபான்மைச் சமூகத்தார் தாங்கள் விரும்பும் கல்வி ஸ்தாபனங்களை நிறுவி நடத்தும் உரிமையை 1950-ல் அமலுக்கு வந்த நமது அரசியல் சட்டத்தின் 30-வது ஷரத்து அளிக்கிறது. சிறுபான்மையோர் நிர்வாகம் என்ற காரணத்துக்காகச் சர்க்கார் உதவியில் பேதம் காட்டக்கூடாது என்று அதன் இரண்டாம் பிரிவு சொல்லுகிறது. இவ்வுரிமை புனிதமானது, அதில் யாரும் கைவைக்க நாம் சம்மதிக்கமாட்டோம். ஆனால் நிர்வகிக்கும் உரிமை என்றால் கெடுத்து நிர்வகிக்கும் உரிமை ஆகாது என்பதை 1958-லேயே கேரளக் கல்வி மசோதா விஷயத்தில் சுப்ரீம் கோர்ட்டார் தெளிவாக்கிவிட்டார்கள். 2009-ம் ஆண்டுக் கட்டாயக் கல்விச் சட்டம், முக்கால் பங்கு பெற்றோரும் பாதிக்குக் குறையாமல் பெண்களும் அடங்கிய மேலாண்மைக் குழுவை உதவிபெறும் பள்ளிகளுக்கும் விதித்தது. சிறுபான்மைப் பள்ளிகளில் அக்குழுவின் சொல் வெறும் யோசனை அளவில்தான் நிற்கும் என்று 2012-ல் திருத்தம் வந்தது. 2014-ல் அச்சட்டமே சிறுபான்மைப் பள்ளிகளுக்குப் பொருந்தாது என்று சுப்ரீம் கோர்ட்டுத் தீர்ப்பளித்தது. சட்டத்தின் வாதம் எப்படியேனும் போகட்டும். பெற்றோரைக் கூட்டி வைத்துக்கொண்டு கணக்குச் சொல்லக்கூடாது என்று எந்தக் கோர்ட்டும் தடை விதிக்கவில்லையே! கட்டாயமில்லாதபோது செய்வதுதான் தர்மம்.

உபாத்தியாயர் பதவிக்கு விலை பேசப்படுகிறது என்ற புகார் நாடெங்கும் நெடுங்காலமாக இருந்துவருகிறது. எந்த ஓர் ஊரையும் குறிப்பிட்டு நாம் இதைச் சொல்லவில்லை. ஆனால் பணம் கொடுத்துப் பதவி வாங்கியவரின் வகுப்பில் தலைமை உபாத்தியாயர் எந்த முகத்தோடு சென்று குறை சொல்வார்? முதலாவது வழக்கமே அங்கு இடிந்துவிடுகிறது. மற்ற நான்கும் அதன் பின்னாலேயே விழுகின்றன. "ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே" என்று நம்மவர் சும்மா சொல்லி வைக்கவில்லை. பிறர் பொருளை நம்பிக்கையின்பேரில் வைத்திருப்பதை இஸ்லாமிய சகோதரர்கள் அமானிதம் என்கிறார்கள். கோயில் சொத்து குலநாசம் என்று ஹிந்துக்கள் அஞ்சுகிறார்கள். சர்க்கார் மானியம் அமானிதம். அதைவிடப் பெரிய அமானிதம் பிள்ளையின் பத்து வருஷம். பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். அந்தப் பத்து வருஷத்தை எந்தக் கமிட்டியாலும் திருப்பிக் கொடுக்கமுடியாது.

மற்றோர் அபாயமும் உண்டு. ஒரே நிர்வாகத்தின்கீழ் ஒரு பக்கம் மானியப் பள்ளியும் மறுபக்கம் கட்டணம் வாங்கும் ஆங்கிலப் பள்ளியும் இருக்குமிடங்களில், நல்ல உபாத்தியாயர், நல்ல அறை, நிர்வாகத்தாரின் நேரம் எல்லாம் கட்டணம் வரும் பக்கமாகவே சாய்வது இயற்கை. இயற்கை என்பதாலேயே அது நியாயமாகிவிடாது.

சர்க்காரின் கடமை

கமிட்டியைக் கேட்கும் நாம் சர்க்காரையும் கேட்காமல் விடமுடியாது. ஒப்பந்தம் என்றால் இரு கட்சிக்காரருக்கும் கடமை உண்டு. ஒழுங்காக நடக்கும் பள்ளியில் உபாத்தியாயர் ஓய்வு பெற்றால் அந்த இடத்தை நிரப்ப அநுமதி கேட்டு வருஷக்கணக்கில் காத்திருக்கவைப்பது, பிள்ளையை அடித்துக் கமிட்டியைத் தண்டிப்பதாகும். 2020 முதல் வைத்தியக் கலாசாலைகளில் நூற்றுக்கு ஏழரை இடம் சர்க்கார் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒதுக்கப்பட்டது; அதே தெருவில் அதே வறுமையில் வளர்ந்து உதவிபெறும் பள்ளியில் படித்த பிள்ளைக்கு அதில் பங்கில்லை. இந்தப் பேதத்துக்கு நியாயம் என்ன? ஆயினும் செய்த நன்மையையும் சொல்லவேண்டும். 2022-ல் சர்க்கார் பள்ளிகளில் தொடங்கிய காலைச் சிற்றுண்டி 2024-ல் கிராமங்களிலுள்ள உதவிபெறும் தொடக்கப் பள்ளிகளுக்கும் 2025-ல் நகரங்களிலுள்ளவற்றுக்கும் நீட்டப்பட்டது. விடியுமுன் வேலைக்குப் போகும் தாய்மார் நிறைந்த இப்பகுதியில் இதன் அருமையை எழுதிக் காட்டவேண்டியதில்லை. வயிற்றுக்குப் பேதமில்லை என்று ஒப்புக்கொண்ட சர்க்கார், படிப்புக்கும் பேதமில்லை என்று ஒப்புக்கொள்ள இன்னும் ஓர் அடிதான் வைக்கவேண்டும்.

ஊழியர்கள் செய்யவேண்டியது

தேச ஊழியர்கள் பள்ளிக்கூடத்தை நினைப்பது பெரும்பாலும் கூட்டத்துக்கு மைதானம் வேண்டியபோதுதான். இது மாறவேண்டும். உதவிபெறும் பள்ளி உள்ள ஒவ்வோர் ஊரிலும் ஐந்தாறு பேர் கூடி, பகைமை பாராட்டாமலும் பத்திரிகையில் பெயர் வருவதற்காக அன்றியும், நிர்வாகத்தாரை மரியாதையுடன் அணுகிச் சில கேள்விகளைக் கேட்கட்டும். தலைமை உபாத்தியாயர் இம்மாதம் எத்தனை வகுப்புகளில் அமர்ந்து பார்த்தார்? ஐந்தாம் வகுப்பில் தடையின்றிப் படிக்கத் தெரியாத பிள்ளைகள் எத்தனை பேர், அவர்களுக்கு மாலையில் யார் பாடம் சொல்கிறார்கள்? ஆறாம் வகுப்பில் சேர்ந்தவர்களில் பத்தாம் வகுப்பை எட்டாதவர்கள் எங்கே போனார்கள்? காலியான பதவி எத்தனை, நிரப்பும் முறை என்ன? பெற்றோர் கூட்டம் கடைசியாக எப்போது கூடிற்று? பதில் சொல்லும் கமிட்டிக்குத் துணை நிற்கட்டும். காலிப் பதவிகளுக்காகச் சர்க்கார் வாசலில் அவர்களோடு சேர்ந்து வாதாடட்டும். பதில் சொல்ல மறுக்கும் கமிட்டியிடம் அடுத்த மாதமும் போய் அதே கேள்விகளைக் கேட்கட்டும்.

1919-ல் ஒரு தோல் வர்த்தக ஊர், தன் பிள்ளைகள் கலாசாலைப் படிப்புப் படிக்கவேண்டும் என்று துணிந்தது. அன்று அவர்களிடம் இன்றைய சர்க்கார் மானியமும் இல்லை. ஐந்து வழக்கங்களைச் சொன்ன நிபுணர்களும் இல்லை. பிள்ளைகள் தங்கள் பிள்ளைகள் என்ற எண்ணம் மட்டும் இருந்தது. இன்று மானியம் இருக்கிறது, வழியும் தெரிந்திருக்கிறது. சுண்ணாம்புக் குழியருகே நிற்பவரின் பிள்ளையும் நம் பிள்ளை என்ற எண்ணம் நிர்வாகத்தாருக்கும் சர்க்காருக்கும் ஊராருக்கும் உண்டாகுமாயின், உதவிபெறும் பள்ளி இந்நாட்டின் மிகச் சிறந்த பள்ளியாக விளங்குவதைத் தடுக்க யாராலும் முடியாது.